ரவுண்டா சொல்லுங்க

எங்கள் வீட்டில் எண்களை முழுதாக்க ஆளுக்கொரு விதி. பாடப்புத்தகத்தில் இருப்பது ஒரே விதி: கடைசி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஏற்று, குறைந்தால் இறக்கு. இதைச் சின்ன வகுப்பிலேயே படித்து முடித்தவள் என் மகள். இப்போது ஒன்பதாவது. மற்ற மூவரும் அவளுக்குப் பெரியவர்கள் என்பதால் அந்த விதி எங்களைக் கட்டுப்படுத்தாது.

நான் குமாரபாளையத்தில் ஒரு நூல்கடையில் கணக்கு எழுதுகிறேன். முழுதாக்குவது எனக்குத் தொழில். ஜிஎஸ்டி பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று ஒரு வரி வரும். 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாயாகும், அதற்குக் கீழே காணாமல் போகும். வருமான வரியில் பத்து ரூபாய்க்கு முழுதாக்குகிறார்கள். நாங்கள் விற்கிற நூலே உத்தேசக் கணக்குத்தான். 840 கஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டுக்கு நாற்பது நின்றால் அது நாற்பதாம் நம்பர் நூல். பரிசோதித்துப் பார்த்தால் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அதற்காக யாரும் ‘முப்பத்தொன்பதே முக்கால் குடுங்க’ என்று கேட்பதில்லை. என் வயதையும் இந்த ஊர் வழக்கப்படி நாற்பது என்றுதான் சொல்லி வருகிறேன். நம்பர் சற்று மாறும்.

அப்பாவின் விதி 1957 ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அன்று நயா பைசா வந்தது. பழைய ரூபாய்க்கு 16 அணா, புதிய ரூபாய்க்கு 100 பைசா. அப்படியென்றால் ஓர் அணா ஆறேகால் பைசா. கால் பைசா நாணயத்துக்கு எங்கே போவது? ஓர் அணாவுக்கு 6 என்றார்கள். இரண்டு அணா பன்னிரண்டரை. சரிபாதி வந்தால் கீழே இறக்கு என்பது அன்றைய சட்டம், ஆகவே 12. மூன்று அணா 19. நான்கு அணா மட்டும் பிசகில்லாமல் 25.

“ஒவ்வொரு அணாவா மாத்துனா பதினாறு அணாவுக்கு தொண்ணூத்தாறு பைசாதான்டா. மீதி நாலு பைசா எங்கடா போச்சு?” என்று அப்பா இன்றைக்கும் கேட்கிறார். கணக்கெழுதுகிற மகன் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த நாலு பைசா அகப்பட்டாலும் பயனில்லை, 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது என்றேன். மனிதர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மகளின் அறிவியல் பாடத்தில் மீச்சிற்றளவு, சுழிப்பிழை என்று வருகிறது. எதையும் அளக்காதபோதே கருவி ஓர் அளவைக் காட்டினால் அது சுழிப்பிழை. கூடுதலாகக் காட்டினால் கழிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பாடம். எங்கள் வீட்டு எடை மெஷினில் யாரும் ஏறாமலே முள் இரண்டில் நிற்கும். நான் ஏறினால் 81. சுழிப்பிழை போக 79. லுங்கி, சட்டை, காலையில் தின்ற இட்லி எல்லாம் என்னுடையவை அல்ல, ஒன்று கழித்தேன். 78. உத்தேசமாக எழுபது.

“எழுபத்தெட்டுக்குப் பக்கத்துப் பத்து எண்பதுங்கப்பா.”

“அது எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம்கிறதைப் பொறுத்தது அம்மிணி” என்றேன். பிள்ளைக்குச் சிரிக்கத் தெரிகிறது, பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை.

மனைவியின் விதிதான் அபாயகரமானது, ஏனென்றால் அதில் தவறே கிடையாது. ஆற்றைத் தாண்டிப் பவானியில் நண்பர்களோடு சாப்பிட்டதில் என் பங்கு 446 ரூபாய். “ஏனுங்க, நானூத்தம்பதா!” என்றாள். அருகிலுள்ள பத்து, சரிதான். மாலையில் அவள் அண்ணனிடம் போனில் ஐந்நூறு. 450-க்கு அருகிலுள்ள நூறு; அதுவும் விதிப்படிதான். அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் ஆயிரம். 500-ஐ ஆயிரத்துக்கு முழுதாக்கினால் ஆயிரம்தானே! படிப்படியாக முழுதாக்கினால் பிழை குட்டி போடும். 446-ஐ நேராக ஆயிரத்துக்கு முழுதாக்கியிருந்தால் விடை பூஜ்யம். அதாவது நான் செலவே செய்யவில்லை. இதை நிரூபித்துக் காட்ட பேனாவும் தாளும் எடுத்தேன். ரேஷன் கடைக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து நான் முழுதாக்கிய எண் சொல்வதையே விட்டுவிட்டேன். இதற்கு எவரெஸ்டே முன்னுதாரணம். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைதான் பிற்பாடு இமயமலை வரை போனது. எவரெஸ்டின் உயரம் கணக்கில் சரியாக 29,000 அடி வந்ததாம்; குத்துமதிப்பு என்று நினைத்துவிடுவார்களே என்று இரண்டு அடி சேர்த்து, 1856-இல் 29,002 என்று அறிவித்தார்கள் என ஒரு கதை உண்டு. அரிசி மூட்டைகூட அப்படித்தான்: 25 கிலோ வரையிலான பைக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும், 26 கிலோவாக எடை போட்டுக்கொண்டது. இப்போது முந்நூறு செலவானால் நான் 287 என்கிறேன். மறுகேள்வி வருவதில்லை.

பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘அருகிலுள்ள பத்துக்கு முழுதாக்குக’ என்று கேட்கும்போது பணம் யாருடையது என்பதையும் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு மதிப்பெண்கூட இழக்க மாட்டார்கள்.