தஞ்சாவூர் டாவின்சி

கேள்வி: நம் காவிரிக் கரையில் ஒரு டாவின்சி பிறக்கவில்லையே, ஏன்?

பதில்: யார் சொன்னது? தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1777–1832) இருந்தாரே!

1799-இல் நெல் விளையும் சீமையின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. மன்னருக்கு மிச்சம் தஞ்சைக் கோட்டை. வேறொருவர் என்றால் வேட்டையும் விருந்துமாகக் காலம் தள்ளியிருப்பார். இவரோ தன்வந்தரி மகால் என்ற மருத்துவ நிலையம் கண்டார். 1805-இல் தேவநாகரி அச்சகம் வைத்தார். ஊர் ஊராகச் சுவடி சேர்த்தார்.

டாவின்சி கண்ணை அறுத்து ஆராய்ந்து வரைந்தவர். சரபோஜி, கண்நோயாளிகளின் கண்களை ஓவியர்களைக் கொண்டு வண்ணத்தில் தீட்டவைத்துச் சிகிச்சைக் குறிப்போடு பாதுகாத்தார். தூரிகை இவருடையதல்ல, உண்மைதான். ஆனால் அந்த ஆர்வம் இவருடையது.

டாவின்சியின் குறிப்பேடுகள் அவர் மறைவுக்குப் பின் பல நாடுகளுக்குச் சிதறின. சரபோஜி சேர்த்தவை தஞ்சை அரண்மனையிலுள்ள சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அடுத்தமுறை தஞ்சை போனால் பெரிய கோயிலோடு திரும்பிவிடாதீர்கள், அரண்மனைக்குள்ளும் போய்வாருங்கள்.