தீவு ராஜாவும் தங்கக் கோயிலும்: ஒருநாள் சுற்றுலா

பயணிகளே, உங்களில் பாதிப் பேர் போன லீவில் கண்டிக்குப் போய் வந்திருப்பீர்கள். வழிகாட்டி முன்னால் குடையைத் தூக்கிப் பிடித்து நடக்க, தலதா மாளிகை, ஏரி, தேயிலைக் கடை என்று ஒரே நாளில் தீவின் பெருமையையெல்லாம் காட்டி, சாயங்காலம் மேளமும் நடனமும் போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்த ஏரியை வெட்டிய ராஜா எங்கே என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் விமான டிக்கெட் மிச்சமாகியிருக்கும். அவர் இங்கேதான், வேலூர்ப் பாலாற்றங்கரையில் படுத்திருக்கிறார்.

கண்ணுசாமி என்று பிறந்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று முடிசூடிய நாயக்க வம்சத்தவர். 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். மறு வருஷம் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். தீவைப் பிடுங்கிக்கொண்டு, சுற்றிலும் அகழித் தண்ணீர் நிற்கும் இன்னொரு தீவைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரனுக்கும் குசும்பு உண்டு. 1832 ஜனவரி 30-இல் ராஜா இங்கேயே கண்ணை மூடினார். இங்கிலாந்துக்குத் தூக்கிக்கொண்டு போன சிம்மாசனம் 1934-இல் இலங்கைக்குத் திரும்பிவிட்டது. அவர் கொடியிலிருந்த சிங்கம் இன்றும் இலங்கைக் கொடியில் வாளோடு நிற்கிறது. ராஜாவுக்குக் கிடைத்தது ஒரு முத்து மண்டபம். நம் பஸ் அங்கே நிற்காது, மன்னிக்கவும். ஆம்பூரில் பிரியாணி ஆறிவிடும்.

கோட்டைக்குள் ஓர் அரை மணி நேரம் கொடுக்கிறோம். செல்ஃபி எடுப்பவர்கள் எடுக்கலாம். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியது இங்கேதான். நெற்றியில் நாமமோ விபூதியோ இருக்கக் கூடாது, தாடியை மழி, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு வந்தது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும், அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு பேரை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். தலையில் வைக்கச் சொன்ன துளியூண்டு தோலுக்காக உயிரைக் கொடுத்த ஊர் இது. பிறகு அதே ஊர், ஒரு ஆற்றையே தோலுக்குத் தாரை வார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தது. இந்த வரி கைடு புத்தகத்தில் இருக்காது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் 1981-இல் லிங்கம் திரும்பி வந்தது, ஒரு குறை தீர்ந்தது. ஆற்றைத் திரும்பக் கொண்டுவரத்தான் ஆளில்லை.

இப்போது பாலாற்றுப் பாலம். ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள், ஏசி வண்டி எதற்கு இருக்கிறது? 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். தோல் கழிவால் பாதியாகவோ முழுதாகவோ பாழான விளைநிலம் ஏறக்குறைய 35 ஆயிரம் ஹெக்டேர். டேனரிகளுக்கு விதித்த அபராதம் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய். ஆம், பத்தாயிரம். கிணறு கெட்டு, நிலத்தை விட்டுவிட்டு ஷூ கம்பெனி வேனுக்காக விடிகாலையில் நிற்கிற பெண்ணிடம் இந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பாள். நிலத்தைக் கெடுத்த தோலையே தைத்துத்தான் அவள் அரிசி வாங்குகிறாள். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை நம் பாதையில் இல்லை. இருந்திருந்தால் இரண்டு 'பாரம்பரியச் சின்னங்களை'க் காட்டியிருப்பேன். ஒன்று, மூடிக் கிடக்கும் ரசாயன ஆலைக்குள் லட்சம் டன்னைத் தாண்டிய குரோமியக் கழிவு மலை. மற்றொன்று, 2015 ஜனவரி 31 அதிகாலையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்த இடம். அநேகமாக எல்லாரும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பீரங்கியால் செத்திருந்தால் கல்வெட்டு இருந்திருக்கும்.

ஆம்பூர் வந்துவிட்டது, சாப்பிடுங்கள். சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி. தண்ணீர் மட்டும் பாட்டிலில்.

கடைசியில் ஸ்ரீபுரம் தங்கக் கோயில். 2007-இல் குடமுழுக்கு, 1,500 கிலோ தங்கம் என்கிறார்கள். நட்சத்திர வடிவப் பாதையில் சுற்றி நடந்துதான் சந்நிதியை அடைய வேண்டும். பாதையைக் குறை சொல்லவில்லை. கல் பாவி, கூரை போட்டு, அழகாக இருக்கிறது. பக்தர் கால் நோகக் கூடாது என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். யோசித்தால் பாதை வரும் என்பதற்கு அத்தாட்சி.

அங்கிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் அணைக்கட்டு என்ற ஊர். அதற்கு மேலே அல்லேரி மலை. நம் பஸ் அங்கே போகாது. 2023 மே மாதம் ஆம்புலன்ஸே போகவில்லை. அத்திமரத்துக்கொல்லையில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி, ரோடு தீர்ந்த இடத்தில் நின்றுகொண்டது. மிச்ச மலையைத் தாய் நடந்தே ஏறினாள், பல கிலோமீட்டர், செத்த பிள்ளையைக் கையில் ஏந்தியபடி. அந்தப் பாதைக்குக் கூரை கிடையாது, கல் கிடையாது. படம் டிவியில் வந்த பிறகுதான் அதிகாரிகள் ஓடிவந்தார்கள். காட்டு நிலம், வனத்துறை அனுமதி வேண்டும் என்றார்கள். ஒரு கோப்பு மேசை விட்டு மேசை நகர ஒன்றரை வயதுப் பிணம் வேண்டியிருந்தது.

2025 ஜனவரி 30-இல், ராஜா செத்த அதே தேதியில், உச்ச நீதிமன்றம் பாலாற்று மக்களுக்கு ஆறு வாரத்துக்குள் இழப்பீடு கொடு, அதைக் கழிவு விட்டவர்களிடம் வசூல் செய் என்று அரசுக்கு மறுபடி உத்தரவு போட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 வருஷம் ஓடிவிட்டது. இதில் எந்த ஆட்சிக்கும் பங்கில்லை என்று சொல்ல ஒரு கட்சிக்காரருக்கும் வாயில்லை. மாறி மாறி வந்து, மாறாமல் இருந்தார்கள்.

பயணிகளே, டிப்ஸ் வேண்டாம். ஊருக்குப் போய், 'வேலூர் சூப்பர்' என்று நாலு நட்சத்திரம் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, பாலாற்று இழப்பீடு யார் கைக்குப் போனது, அல்லேரிக்கு வண்டி எதுவரை போகிறது என்று கேளுங்கள். ஒரு குழந்தை சாகும்வரை மலைக்கு ரோடு போடத் தோன்றாத அரசாங்கத்துக்கு, பாரம்பரியச் சுற்றுலா நடத்த அருகதை கிடையாது.