மூன்று முறை அலசியும் நுரையா?

கேள்வி: முன்பக்கம் கதவு வைத்த புது மெஷின் வாங்கினோம். கறுப்புக் காற்சட்டையைக் காயப்போட்டால் வெள்ளை வெள்ளையாகத் தூள் கோடு போட்டு நிற்கிறது. கடைக்காரர் "மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். நம்பலாமா?
– ஓர் ஆசிரியை, ஜாசின்

நம்பலாம். ஆனால் தூள் எவ்வளவு போட வேண்டும் என்று விற்கும்போதே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்களும் எவ்வளவு போடுகிறீர்கள் என்று எழுதவில்லை டீச்சர். எழுதாமல் விட்டதிலேயே விடை இருக்கிறது.

மேல்மூடி மெஷினில் துணி தண்ணீரில் மிதக்கும். முன்கதவு மெஷினில் தண்ணீர் அடியில் கொஞ்சம்தான் நிற்கும்; டிரம் துணியைத் தூக்கித் தூக்கிக் கீழே போடுகிறது, அப்படி விழுந்து அடிபடுவதில்தான் அழுக்குப் போகிறது. பழைய கைக்கணக்கில் தூளைக் கொட்டினால் நுரை பொங்கி, விழும் துணிக்குத் தலையணை வைத்துவிடும். அடியும் விழாது, தூளும் கரையாது.

இன்னொன்று, மலாக்காக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர், அணைத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்னீர். கடின நீரில் சவர்க்காரத்தின் ஒரு பங்கை அந்தச் சுண்ணாம்பே தின்றுவிடும். இங்கே தின்ன ஆளில்லை, அதனால் கொஞ்சம் போட்டாலே போதும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள். துணி அழுக்காகவே வந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

கறுப்புத் துணிக்குத் தனியாக ஒரு தகவல். பல தூள்களில் தண்ணீரை மென்மையாக்க சியோலைட் என்ற கனிமத்தைச் சேர்க்கிறார்கள். அது தண்ணீரில் கரையவே கரையாது. அலசும்போது அடித்துக்கொண்டு போனால்தான் உண்டு. வெள்ளைச் சட்டையிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கறுப்புக்கு மட்டும் திரவச் சவர்க்காரம் வாங்கிக்கொள்ளுங்கள். டிரம்முக்குள் துணியின் மேல் கை நுழையும் அளவுக்கு இடமும் விடுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் லயத்துப் பைப்படியில் கல்லில் அடித்துத் துவைத்தோம். இரண்டு தண்ணீரில் அலசினால் முடிந்தது. என் மருமகள் மெஷினில் மூன்று தண்ணீர் விட்டும் நுரை வருகிறதே?
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, அசகான்

ஐயா, பைப்படியில் ஒவ்வொரு அலசலுக்கும் நடுவில் துணியை முறுக்கிப் பிழிந்தீர்களே, வித்தை அதில்தான் இருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிழிந்த துணியில் 2 லிட்டர் சவர்க்காரத் தண்ணீர் மிச்சம் நிற்கிறது என்று வையுங்கள். அதை மொத்தம் 20 லிட்டர் தண்ணீரில் அலசினால் சவர்க்காரம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மூன்று முறை பிழிந்து அலசினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிழியாத துணியில் 10 லிட்டர் நிற்கிறது என்றால், அதே 20 லிட்டரில் பாதிதான் குறையும். மூன்று முறை அலசியும் எட்டில் ஒரு பங்கு துணியிலேயே இருக்கும். தண்ணீர் பில் மட்டும் ஏறும்.

மெஷினில் பிழிகிற வேலையைச் சுழற்சி செய்கிறது. நுரை கூடினால் டிரம் வேகம் எடுக்காது. சில மெஷின்கள் நுரையைக் கண்டதும் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிழியாமல் அலசியதால்தான் மருமகளுக்கு மூன்றாவது தண்ணீரிலும் நுரை. இரட்டைத் தொட்டி மெஷின் என்றால் சோப்புத் தண்ணீரோடு ஒரு முறை சுழலவிட்டு, பிறகு அலசச் சொல்லுங்கள். அவரிடம் இதைச் சொல்லும்போது "எங்கள் காலத்தில்" என்று மட்டும் தொடங்காதீர்கள்.

கேள்வி: சவர்க்காரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். இன்னமும் துண்டில் நுரை வருகிறது.
– மெர்லிமாவ் வாசகி

அது பழைய பாக்கி. துண்டுகளைச் சவர்க்காரமே போடாமல், துணி தாங்கும் சூட்டில், வெறும் தண்ணீரில் ஓடவிடுங்கள். நுரை நிற்கும் வரை இன்னும் ஓரிரு முறை. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தையும் துண்டுக்கு ஊற்றாதீர்கள். அது நூலின் மேல் படலமாகப் படிந்து, துண்டு ஈரத்தை உறிஞ்சாமல் செய்துவிடும்.

கேள்வி: தண்ணீர்த் தடை முடிந்ததிலிருந்து மெஷின் சொட்டுச் சொட்டாக நிரம்புகிறது. தூள் இழுப்பறையிலேயே சேறாக நிற்கிறது. என்ன கோளாறு?
– அலோர் காஜா வாசகர்

1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றிப்போன கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் துணி துவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றியிருக்க மாட்டார்கள். 2020 தொடக்கத்திலும் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. தடை முடிந்து, காலியான குழாய் திரும்ப நிரம்பும்போது, உள்ளே படிந்திருந்த வண்டலெல்லாம் கிளம்பி வரும். அது வந்து மாட்டுகிற இடம், மெஷினின் பின்னால் குழாய் மாட்டும் வாயில் உள்ள சின்னச் சல்லடை.

பைப்பை மூடுங்கள், மின்சாரப் பிளக்கைக் கழற்றுங்கள், குழாயைத் திருகி எடுங்கள். விரல்நுனி அகலத்தில் பிளாஸ்டிக் சல்லடை தெரியும். மூக்குக் குறட்டால் மெதுவாக இழுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, திரும்பப் பொருத்துங்கள். காப்பிநிறச் சேறு வந்தால் நோய் பிடிபட்டது.

அப்படியும் வேகம் இல்லையென்றால், மெஷின் கூரைத் தாங்கியில் இணைந்திருக்கிறதா பாருங்கள். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். கூரைத் தாங்கிக்கும் மெஷினுக்கும் 3 மீட்டர் இடைவெளி என்றால் கிடைப்பது 0.3 பார். பல மெஷின்கள் குறைந்தபட்சமாகக் கேட்பதே அவ்வளவு. இழுப்பறையில் உள்ள தூளை அடித்துச் செல்ல அது பற்றாது. நேரடிக் குழாய்க்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

கேள்வி: செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலில் மாசி மகத்துக்குக் காவடி எடுத்தேன். மஞ்சள் பட்ட வேட்டியைத் துவைத்தால் சிவப்பாகிவிட்டது! ஏதும் குறையா?
– ஒரு முருக பக்தர்

முருகன் மேல் பழி போடாதீர்கள். மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்வதும் இதுதான். சவர்க்காரத் தூள் காரம். நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். காய்ந்த பிறகும் சிவப்பு நின்றால், சவர்க்காரம் உள்ளே இருக்கிறது என்று வேட்டியே சாட்சி சொல்கிறது. பத்து வெள்ளி கொடுத்துப் பரிசோதனைத் தாள் வாங்க வேண்டாம். திரவச் சவர்க்காரத்தில் காரம் குறைவு. அதில் இந்தச் சாட்சி சரியாகப் பேசாது. மிஞ்சிய மஞ்சள் கறையை வெயிலில் போடுங்கள், வெளுத்துவிடும்.

கேள்வி: சவர்க்காரம் போக வினிகரும் கிளோராக்ஸ் வெளுப்பானும் சேர்த்து ஊற்றலாம் என்கிறார் என் கணவர்.
– டுரியான் துங்கல் வாசகி

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். வினிகர் மட்டும் கால் கப், அதுவும் கடைசி அலசலில், எப்போதாவது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர். வெள்ளைச் சட்டை பழுப்பாகிறது. கிளோராக்ஸ் ஊற்ற ஊற்ற இன்னும் பழுக்கிறது.
– மாச்சாப் வாசகர்

ஊற்ற ஊற்றப் பழுக்கத்தான் செய்யும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை கிளோராக்ஸ் துருவாக்கி நூலில் பதித்துவிடும். தண்ணீரை முதல் நாளே திறந்த தொட்டியில் பிடித்து வையுங்கள். காற்றுப் பட்டு இரும்பு அடியில் தங்கும். மேல்தண்ணீரை மொண்டு துவையுங்கள். வெள்ளைக்குக் கிளோராக்ஸ் வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு செய்தும் நுரை போகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?
– தெபோங் வாசகர்

இரண்டு இடம் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். முதலாவது, கழிவுக் குழாய். பம்ப் உள்ள மெஷினின் குழாயைப் பின்கட்டுத் தரையில் போட்டால், உள்ளே நிரம்பும் தண்ணீர் அப்படியே வெளியே ஓடும். எதைக் கொண்டு அலசும்? இடுப்பு உயரத்தில் மாட்டுங்கள். பம்ப் இல்லாத மேல்மூடி மெஷினுக்கு நேர்மாறு, குழாய் தரையோடு கிடக்க வேண்டும். எந்த வகை என்று கையேட்டில் இருக்கும். கையேடு சாமி அறை டிராயரில் இருக்கும்.

இரண்டாவது, முன்கதவு மெஷினின் அடி மூலையில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் பம்ப் வடிகட்டி. அடைத்திருந்தால் சோப்புத் தண்ணீர் முழுதும் வெளியேறாமல், அதிலேயே அடுத்த அலசல் தொடங்கும். மெஷினை நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகு, தாழ்வான தட்டை வைத்துத் திருகுங்கள். கொண்டை ஊசி, சட்டைப் பொத்தான், பிள்ளைகள் தொலைத்த 20 சென், 50 சென் எல்லாம் வரும். மெக்கானிக் பணத்துக்குக் காணாது. காலை தே தாரேக்குக் காணும்.