யாருக்கு லோயர் பெர்த்?

மூன்று தலைமுறையும் சேர்ந்து ஊட்டிக்குப் போகிறவர்கள் முதலில் ரயில்வேயின் குடும்பப் பாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 60 தாண்டிய தாத்தாவுக்கு லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ, பாட்டியோடு மட்டுமோ போனால். அதே டிக்கெட்டில் பேரனைச் சேர்த்தீர்களோ, தாத்தா உடனே இளைஞராகிவிடுவார். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போனது, திரும்பவில்லை. ஆறு வயதுப் பேத்திக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். இப்படியாக, வயது வித்தியாசம் ஒழிந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற மலை ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வேகம்தான், இந்த மூன்று தலைமுறையும் வீட்டு வாசலைத் தாண்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால். குழந்தைகளுக்கு ஜன்னல் சீட்டுச் சண்டை. தாத்தா அதிகாலை நான்கு மணிக்கே சட்டை மாட்டித் தயார். பாட்டிக்கு மலையும் வேண்டாம், ஏரியும் வேண்டாம்: “ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குன்னு நீயே கேட்டியாடா, இல்ல போட்டோவப் பாத்து நம்பிட்டியா?”