இரண்டாயிரமாம் ஆண்டில் காணாமல் போன ஆடுகள்

அனுப்புநர்: கேமரா மெக்கானிக் ஒருவன், கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை.

பெறுநர்: நிலைய அதிகாரி அவர்கள், காவல் நிலையம். (எந்த ஊர் என்ற பதிவு தானாக அழிந்துவிட்டது.)

பொருள்: ஹார்டு டிஸ்க் மாற்றிய பின்னும் பிளேபேக் வராதது தொடர்பாக.

ஐயா,

தங்கள் நிலையத்து டி.வி.ஆர். பெட்டியில் 1 டெராபைட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 4 டெராபைட் போட்டுத் தந்தவன் நான்தான். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் காற்றுத் துளைகளை அடைத்திருந்தது. அதைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்ததற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. ஃபார்மேட் முடிந்து எட்டு கேமராவும் திரையில் வந்ததும், "இனிமே நாலு மடங்கு ஞாபகம் தம்பி" என்று ரைட்டர் ஐயா டீ வாங்கித் தந்தார்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி என் பெரியம்மாவின் வெள்ளாடு இரண்டு போயின. முச்சந்தியில் இருக்கும் உங்கள் கேமராவில் திருடர் வண்டி விழுந்திருக்கும் என்று புதன் காலையிலேயே நிலையத்துக்கு வந்து நின்றார். ஆடுதானே என்று தங்கள் காவலர் அலட்சியம் செய்யவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆடு திருடர்களைத் துரத்தி வந்த நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் 2021 நவம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டது நம் கீரனூர்ப் பக்கத்தில்தான். பெரியம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு மவுஸை எடுத்தார் காவலர். செவ்வாய்க்கிழமையைத் தட்டினார். ஒன்றும் இல்லை. திங்கள்? அதுவும் இல்லை. அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்திருக்கிறார்: 04-01-2000.

விஷயம் சின்னதுதான். பெட்டிக்குள் கடிகாரத்தைக் காப்பாற்றும் சி.ஆர். 2032 என்ற பட்டன் பேட்டரி செத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய்த் திரும்பியதும் பெட்டி இரண்டாயிரமாம் ஆண்டின் புத்தாண்டில் கண் விழித்திருக்கிறது. அதன் கணக்கில் எங்கள் ஆடுகள் திருடு போன நாள் 03-01-2000. அந்தத் தேதியைத் தட்டியிருந்தால் முச்சந்தி அப்படியே வந்திருக்கும். காவலரோ கடமை தவறாதவர். தேதி தப்பாக இருக்கலாமா என்று முதல் வேலையாக அதைத் திருத்தினார்.

பெட்டியும் கடமை தவறாததுதான். அதன் மெனுவுக்குள், பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கட்டத்தில், எந்தப் புண்ணியவானோ '1' என்று போட்டுவைத்திருந்தார். தேதி திருந்தியதும் பெட்டி தன் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தது. ஒரு நாளுக்கு மேல் வாழக் கூடாதவற்றுக்குக் கால் நூற்றாண்டு வயது! மொத்தமாகத் துடைத்துவிட்டது. அந்த நிமிடமே பெட்டியை அணைத்திருந்தால் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். சாயங்காலம் நான் வரும்வரை அது ஓடிக்கொண்டும், அழித்த இடத்தின் மேலேயே எழுதிக்கொண்டும் இருந்தது. '1' போட்டவர் யார் என்று லாக்கில் தேடினேன். அட்மின். அட்மினின் பாஸ்வேர்டு தங்கள் நிலையச் சுவரில் பால்பாயிண்டால் எழுதியிருக்கிறது, டீக்கடை போன் நம்பருக்குக் கீழே.

என் பங்குத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். டிஸ்க் மாறினால் பெட்டியின் புத்தியும் மாறும் என்று இருந்துவிட்டேன். அந்த '1' டிஸ்க்கில் இல்லை, பெட்டியின் பலகையில் இருக்கிறது. புது டிஸ்க்கும் பழைய உத்தரவுக்குத்தான் கைகட்டி நின்றது.

இந்த உத்தரவு நம் மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் வதைபட்டு இறந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் அங்கே போனார். டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றாடம் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள், சம்பவ நாளான 19-ஆம் தேதியின் பதிவு இல்லை என்று அறிக்கை தந்தார். அந்த 1 டெராபைட்டை மாற்றி 4 டெராபைட் போட என்னைக் கூப்பிட்டிருந்தாலும் 19-ஆம் தேதி கிடைத்திருக்காது. ஆட்டுக்கு நேர்ந்தது பேட்டரிக் கோளாறு. அங்கே நடந்ததற்கு என் டூல்ஸ் பையில் பெயர் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், முடியாத இடத்தில் ஓராண்டுக்காவது குறையக் கூடாது என்றது. கேமரா ஓடுகிறதா, பதிவாகிறதா என்று பார்ப்பது நிலைய அதிகாரியின் பொறுப்பு என்றும் சொன்னது. (அதனால்தான் கடிதம் தங்கள் பெயருக்கு.) டீ குடித்தபடி கணக்குப் போட்டேன். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஒரு கேமரா ஒரு நாளில் 21.6 ஜி.பி. தின்னும். எட்டுக்கு 173 ஜி.பி. நான் போட்ட டிஸ்க் 23 நாளில் நிறைந்துவிடும். ஓராண்டுக்கு 63 டெராபைட், அதாவது இதே டிஸ்க் பதினாறு. தங்கள் பெட்டியிலோ ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம். ஹெச்.265-க்கு மாற்றினால் பாதி மிச்சமாகும். அப்போதும் எட்டு டிஸ்க்.

எனவே தாழ்மையான யோசனை ஒன்று. பதினாறு டிஸ்க் வாங்க நிதி வரும்வரை அந்த '1'-ஐ நீக்கிவிட்டு, இடம் நிறைந்தால் மட்டும் பழையதன் மேல் எழுதட்டும் என்று விடுங்கள். மவுஸில் நாலு தட்டு. டெண்டர் வேண்டாம். கூடவே, டிஸ்க் கோளாறு என்றால் பெட்டி 'கீ கீ' என்று கத்தும்; தூக்கம் கெடுகிறது என்று அதையும் யாரோ மெனுவில் அணைத்துவைத்திருக்கிறார்கள். அது கத்தட்டும் ஐயா.

2025 ஜூனில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரைப் போலீஸார் அடித்ததை ஒருவர் மறைந்து நின்று கைபேசியில் எடுத்தார். அந்தச் சில நொடிகள் நீதிமன்றம்வரை போயின. அந்தக் கைபேசியில் எத்தனை ஜி.பி. என்று யாரும் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு இன்னும் சி.எஸ்.ஆர். ரசீது வரவில்லை. சம்பவம் நடந்த நாள் என்ற இடத்தில் எந்தத் தேதியை எழுதுவது என்று ஏட்டையா யோசிப்பதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மெக்கானிக்.

இணைப்பு: சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி ஒன்று. முப்பது ரூபாய். பெரியம்மா கொடுத்துவிட்டார்.