எதிர்பாராத அடைப்புக்குறி

"தம்பி, நம்ம வெப்சைட்டு ஒரே வெள்ளையா இருக்கு. சுண்ணாம்பு அடிச்சிருக்கியளா?" என்றார் கல்யாண மண்டபத்து அண்ணாச்சி.

முந்தின நாள் இரவு அந்தத் தளத்தின் முன்பதிவு மாட்யூலை அப்டேட் செய்திருந்தேன். தளம் ஓடுவது ட்ரூபல் 7இல், அது பிஎச்பி மொழியில் எழுதிய மென்பொருள். பிழைகளை ஊருக்குக் காட்டாதே என்று சர்வரில் சொல்லிவைத்திருந்தால், பிஎச்பி வெள்ளைத் திரையைப் போட்டுவிட்டு நடந்ததை எரர் லாகில் எழுதிவைக்கும். திறந்தேன். 'பார்ஸ் எரர்: சின்டாக்ஸ் எரர், அன்எக்ஸ்பெக்டட் [', 214ஆவது வரி.

"அந்த ஒரு வரியிலதான தப்பு? அத அழிச்சிருங்க" என்றார். என் பில்லிலும் அவர் அப்படித்தான் வரிகளை அழிப்பார்.

பிஎச்பி சொல்லும் வரி எண்ணை நம்பவும் முடியாது. 41ஆவது வரியில் அரைப்புள்ளி விட்டுப்போனால் 42ஐப் பிடிக்கும். திருட்டு நடந்த வீட்டை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்தவரைக் கூட்டிப்போகும் ஏட்டையா மாதிரி. நடுவில் ஒரு நெளிவு அடைப்பை மூட மறந்தாலோ, கடைசி வரி வரை நிதானமாகப் படித்துவிட்டு, 'அட, கோப்பு முடிந்துவிட்டதே' என்று அங்கே போய்த் திடுக்கிடும். எஃப்டிபியில் பாதி ஏறி அறுந்த கோப்புக்கும் இதே திடுக்கிடல்தான்.

இந்தத் தடவை எண்ணும் சரி, வரியும் சரி. அர்ரே என்று எழுத்தில் எழுதாமல் வெறும் சதுர அடைப்பைப் போட்டால் போதும் என்பது 2012இல் பிஎச்பி 5.4 தந்த சலுகை. மாட்யூல்காரர் அதைத்தான் எழுதியிருந்தார். எங்கள் சர்வரில் ஓடிக்கொண்டிருந்ததோ 5.3!

ஹோஸ்டிங் கம்பெனியின் சாட்டில் முறையிட்டேன். "பிரவுசர் கேச்சை கிளியர் பண்ணிப் பாருங்க சார்" என்றார்கள். உலகத்தின் சகல நோய்களுக்கும் அவர்களிடம் இந்த ஒரு சூரணம்தான் இருக்கிறது.

நல்லவேளை, கண்ட்ரோல் பேனலில் பிஎச்பி பதிப்பை மாற்ற ஒரு பட்டியல் இருந்தது. 8.0 வைத்தேன். மறுபடியும் வெள்ளை. இப்போது அன்எக்ஸ்பெக்டட் '{'. காலண்டர் மாட்யூலில், ஒரு சொல்லின் முதல் எழுத்தை எடுக்க யாரோ பழைய வழக்கப்படி நெளிவு அடைப்பு போட்டிருந்தார், 8.0 அந்த வழக்கத்தையே ஒழித்துவிட்டது. புதுசாக எழுதினால் பழைய சர்வர் முறைக்கிறது, பழசாக எழுதினால் புது சர்வர் முறைக்கிறது.

இரண்டையும் பொறுத்துப்போகும் கடைசிப் பதிப்பு 7.4தான். நெளிவு அடைப்பைப் பார்த்தால் முணுமுணுக்கும், வேலையை நிறுத்தாது. மிச்ச அடைப்புகளைத் தேடித் திருத்தும்வரை அதிலேயே ஓடட்டும் என்று விட்டேன். அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துபோனதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

"ஓடிக்கிட்டு இருந்தத எதுக்குத் தம்பி தொட்டிய?"

2014 அக்டோபர் 15 கதையைச் சொன்னேன். ட்ரூபல் 7க்கு ஓர் அவசரத் திருத்தம் வந்தது. ஏழு மணி நேரத்துக்குள் அதைப் போடாதவர்கள் தங்கள் தளம் பறிபோனதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பாதுகாப்புக் குழுவே பின்னால் அறிவித்தது.

"நம்ம மண்டபத்த எவன் தம்பி தூக்கப்போறான்? முகூர்த்த நாள்லயே காலியாத்தான் கெடக்கு" என்றவர், போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தினார். "எதிர் மண்டபத்துக்காரன் வெப்சைட்ல மேலேருந்து பூவா உதிருது. நமக்கும் அப்படி ஒண்ணு போட முடியுமா?"

அதற்கும் ஒரு மாட்யூல் இருக்கிறது.