85ல நின்னுச்சாம் பொட்டி

ஏ புள்ள, மறுபடியும் ஊத்திக்கிச்சாமே? அந்த அமெரிக்கா நர்ஸு பரீட்சைதான், என்கிளெக்ஸு. நான் யாரையும் கேக்கல தாயி. ஜெயங்கொண்டம் பஸ்சுல ஏறி சேதி தானா வந்து எறங்குச்சு. ஒங்கப்பன் ஏஜெண்டுக்கு போன் போட்டுகிட்டே தெருவுல நடக்குறான். ஒங்கம்மா சாமி சாமியா நேந்துகிட்டுக் கெடக்கு. நீ என்னடான்னா வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்ல சிங்கம் படம் போட்டுருக்கியாம். விழுந்தா எழுந்துருவேன்னு. ஏன் புள்ள, சிங்கம் எந்த ஊர்ல போயி பரீட்சை எழுதுச்சு?

கோடாங்கிகிட்ட குறி கேட்டா பத்தாம்பசலிங்கிறீங்க. நீங்க பண்றது என்னவாம்? பரீட்சை எழுதி முடிச்ச அன்னைக்கே ராத்திரி, மறுபடி எழுதப்போற மாதிரி பேரைப் பதிஞ்சு கார்டைத் தேய்ச்சுப் பாக்குறது. பரீட்சை நடத்துற பியர்சன் வியூ பொட்டி பணத்தை வாங்க மாட்டேன்னா பாஸாம். வாங்கிக்கிட்டா பெயிலாம். வெளிநாட்டு சென்டருக்கு 200 டாலரும் 150 டாலருமா கட்டணும். அம்புட்டையும் வச்சு ஒரு குறி! எங்க கோடாங்கி வெத்தல பாக்கும் பதினோரு ரூபாயும்தான் கேப்பான். அவன் எவ்வளவோ தேவலாம்.

அப்புறம் அந்த 85 கதை. 'அவளுக்கு 85 கேள்வியில நின்னுச்சு, பாஸு. எனக்கு 150 வரைக்கும் இழுத்துச்சு, பெயிலு'ன்னு பொலம்புனியாமே. 85ல நின்னு பெயிலானவளும் இருக்கா, 150 வரைக்கும் போயி பாஸானவளும் இருக்கா. அந்தப் பொட்டிக்கு வேலையே வேற. நீ சரியாச் சொன்னா கொஞ்சம் கஷ்டமா அடுத்ததைக் கேக்கும். தப்பாச் சொன்னா கொஞ்சம் எளக்கும். இவ பாஸு கோட்டுக்கு மேலயா கீழயான்னு நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு நிச்சயம் வந்தாக்க நிறுத்திக்கும். அதனாலதான் பாதிக்குப் பாதி தப்பாப் போட்ட மாதிரி எல்லாருக்கும் இருக்கும். பாஸானவளும் கண்ணைத் தொடைச்சுகிட்டுத்தான் வெளிய வருவா. எண்ணிக்கையில என்னா இருக்கு? ராசராசன் தஞ்சாவூர்ல 216 அடிக்குக் கோயில் எழுப்புனான். மவன் ராசேந்திரன் நம்மூர்ல 180 சொச்சத்துல நிறுத்திக்கிட்டான். அதுக்காக மவனை யாராச்சும் பெயிலாக்குனாங்களா?

ஒங்க கோச்சிங்காரன் ஒண்ணு சொல்லுவான் பாரு, 'கணித மேதை ராமானுஜனே பெயிலானாரு'ன்னு. ஆனாரு, நெசந்தான். கும்பகோணம் காலேஜுலயும் ஆனாரு, பச்சையப்பன் காலேஜுலயும் ஆனாரு. ஆனா எதுல? கணக்கை வுட்டுட்டு மத்த பாடத்துல. தான் எங்க கோட்டை விடுறோம்னு அந்த மனுசனுக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுமா?

தெரியாது. ஏன்னா அந்தக் காயிதத்தை நீ பிரிச்சே பாக்கல. தவறுனவங்களுக்குன்னே ஒரு ரிப்போர்ட்டு குடுக்குறான்ல? மருந்து, தொத்து தடுப்பு, மனசு சம்பந்தப்பட்டதுன்னு எட்டு பிரிவு. ஒவ்வொண்ணுலயும் நீ கோட்டுக்கு மேலயா, கிட்டயா, கீழயான்னு தெளிவா எழுதியிருப்பான். அத வெக்கப்பட்டு பீரோவுல பூட்டிட்டு, டெலிகிராம்ல எவனோ விக்கிற புது மெட்டீரியலுக்குப் பணம் கட்டுறே. நோவு எங்கன்னு தெரியாம ஊசி போடலாம்னு ஒனக்கு எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?

ப்ளோரிடாக்காரன் மூணு தடவை தவறுனா, போயி ஒரு கோர்ஸு படிச்சு முடிச்சுட்டு அப்புறம் வான்னு சட்டமே வச்சுருக்கான். எங்கயும் ரெண்டு பரீட்சைக்கு நடுவுல 45 நாளு ஆவணும். அந்த நாள்ல சிங்கத்துக்கு வேலையில்ல. காயிதத்துல 'கீழ'ன்னு போட்டுருக்கான்ல, அதுக்குத்தான் வேலை.

இன்னொண்ணு. இங்க வார்டுல நாப்பது கட்டில் இருந்தாலும் ஊசி, மருந்து, சீட்டு, சண்டை எல்லாம் நீ ஒருத்திதான். அங்க அப்படியில்லையாம். நர்ஸுக்குக் கீழ ஒரு நர்ஸு, அவளுக்குக் கீழ ஒத்தாசைக்கு ஆளு. எந்த வேலைய யாருகிட்ட வுடலாம், எந்த நோயாளிய மொதல்ல பாக்கணும்னு கேள்வி மேல கேள்வி. நீ எட்டு வருசமா யாருகிட்டயும் எதையும் வுட்டதில்ல. அப்புறம் எப்படி வெளங்கும்? அறிவு கொறைஞ்சு போகல ஆயி, பழக்கம் வேற. அவங்க வார்டை மனசுல வச்சுகிட்டுப் படி.

'வாழ்க்கையே போச்சு'ன்னு மட்டும் என் காதுபட இன்னொரு தரம் சொல்லாத. இது வெளையாட்டுப் பேச்சில்ல. 2017ல நம்ம அரியலூர் ஜில்லா, குழுமூர்ல ஒரு புள்ளைய பரீட்சைன்னு ஒண்ணுக்குப் பறிகொடுத்துட்டு ஊரே நின்னுச்சு. ராத்திரி அந்த மாதிரி நெனப்பு வந்தா கதவைத் தட்டு. நான் தூங்குறது இல்ல, சும்மா படுத்துதான் கெடக்குறேன். நம்ம தமிழ்நாட்டுக் கவுன்சில்ல பதிஞ்ச ஒம் பேரை அமெரிக்காக்காரன் வந்தா அழிச்சான்? நாளைக்கும் நீ நர்ஸுதான். டூட்டி இருக்கு, சம்பளம் இருக்கு. கம்மிதான். நான் மறுக்கல.

போன மாசம் திண்ணையில தலை சுத்தி சாஞ்சேனே, நெனப்பு இருக்கா? ஒங்கம்மா கத்துனா, 'டாக்டரைக் கூப்பிடு, டாக்டரைக் கூப்பிடு'ன்னு. நீ கூப்பிட்டியா? இல்ல. மொதல்ல படுக்க வச்ச. நாடி புடிச்ச. பிரஷர் பாத்த. காலையில என்னா தின்னேன்னு கேட்ட. அப்புறந்தான் போனை எடுத்த. அந்தப் பரீட்சையிலயும் பாதி எடத்துல அதத்தானே கேக்குறான், மொதல்ல நோயாளியப் பாருன்னு? நீ என்ன பண்ணுன? பொட்டி முன்னாடி ஒக்காந்ததும் ஒங்கம்மா மாதிரி 'டாக்டரைக் கூப்பிடு'ன்னு அமுக்கிட்டு வந்துருக்கே.

சரி, போயி பீரோவைத் தொற. வர்றப்ப அந்த பிரஷர் மெஷினையும் எடுத்தா. காலையிலேருந்து லேசா கிறுகிறுங்குது. ஊறுகாய் தின்னியான்னு மட்டும் கேக்கப்படாது.